பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

16

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இலக்கிய உலகம் இத்தனை காலமாகத் தூக்கம் கெட்டுக் காத்திருந்த, மலை ஆறுகளில் நீர்மட்டம் பார்ப்பது பற்றிய மாபெரும் படைப்பு இத்துடன் தொடங்குகிறது. செல்போன்களை அணைக்கவும். கைத்தட்டலைக் கடைசிவரை அடக்கி வைக்கவும். இதய நோயாளிகள் வாசல் பக்கமாக உட்காரவும்.

மன்னிக்கவும், இப்படித் தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் எழுதிவருகிறேன். யாராவது நெஞ்சை நிமிர்த்தி நடந்தால், அவருடைய பின்பக்கத் தையல் பிரிந்திருப்பதை ஊருக்குச் சொல்வது என் தொழில். இதுவரை அறுபது பேர் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். அது தொழிலின் உபரி லாபம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு கரும்பலகையிலிருந்து. ஆற்றுப் பாலத்தின் முனையில் சாய்த்து வைத்திருந்த, ஒரு மூலை உடைந்த பலகை. என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்த எண்ணைப் படித்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். அவள் வெளியே வந்தாளா? உங்களுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்களை உட்காரவைக்க நான் போடும் நாற்காலி.

(மேலே உள்ள 16 பகுதி எண்தான். அடுத்தது 17 ஆக இருக்காது, அச்சுக்கோப்பவரைத் திட்டவேண்டாம். சனிக்கிழமை மாலை பாலத்துத் தூணில் தண்ணீர் பதினாறாவது கோட்டில் நின்றது. கதை அங்கிருந்து இறங்குகிறது.)

15

முதல் வரைவு: "மலைமகளின் மடியிலிருந்து துள்ளிக் குதித்து" [அடித்துவிட்டேன். துள்ளுவதற்கு அது கன்றுக்குட்டி இல்லை.]

இரண்டாம் வரைவு: "ஆற்றின் அளவுக்காரர் குள்ளமானவர், கண்ணாடி போடாதவர்" [உண்மையில் நெட்டை, கண்ணாடியும் உண்டு. ஆள் அடையாளம் தெரியாமலிருக்க மாற்றிப் பார்த்தேன். பத்து வரி தாண்டியதும் அவர் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேல் குனிந்து தூணைப் பார்க்கவேண்டி வந்தது. குள்ளமான ஆளுக்கு எட்டவில்லை. நான் பேனாவை வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்து படித்தால், அதற்கடுத்த வரியில் அவர் நெட்டையாக இருந்தார். நான் எழுதியிருக்கவேண்டும். எழுதியதாக ஞாபகம் இல்லை.]

மூன்றாம் வரைவு, மனிதன் பேசுவதுபோல்:

ஊருக்கு மேலே ஒரு பாலம். அதன் நடுத்தூணில் வெள்ளைப் பெயின்டால் சைபரிலிருந்து முப்பதுவரை கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு சாண். பாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் முதல் வளைவு. அதைத் தாண்டினால் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு. அதற்குப் பிறகுதான் கீழ்ப்பாலம். இடையில் சாலைக்கு ஏற வழியே கிடையாது. இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை கயாக் என்கிற, ஓர் ஆள் இடுப்புவரை நுழைத்துக்கொண்டு உட்காரும் ஒல்லிப் படகில் கடக்கிற பைத்தியங்கள் எங்கள் ஊரில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கிளப். தண்ணீர் எட்டுக்குக் கீழே இருந்தால் பாறை படகின் வயிற்றைக் கிழிக்கும். பதினாலுக்கு மேலே போனால் ஒதுங்கக் கரை இருக்காது. எட்டிலிருந்து பதினாலுவரை போகலாம்.

இதைப் பார்த்துச் சொல்வது அளவுக்காரர். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறு மணிக்குப் பாலத்துக்கு வருவார். எண்ணைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு டீ குடிப்பார். டீ முடிவதற்குள் குச்சி நனைந்தால் ஆறு ஏறுகிறது, விளிம்பு குச்சியைவிட்டு விலகினால் இறங்குகிறது. மிதந்து வரும் கிளையில் இலை பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார். பச்சை என்றால் மரம் இப்போதுதான் விழுந்திருக்கிறது, எங்கோ வழியை மறித்துக் கிடக்கப்போகிறது. கடைசியாகக் கைப்பிடிச் சுவரில் காதை வைப்பார். ஆற்றின் அடியில் பாறைகள் உருண்டு மோதுகிற சத்தம் தூண் வழியாக ஏறி வரும். நானும் ஒருமுறை வைத்துக் கேட்டேன். மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல் இருந்தது. ஆனால் அந்த வீடு எனக்குக் கீழே இருந்தது.

அதன்பிறகு பலகையில் எழுதுவார். எண் மட்டும் என்றால் பரவாயில்லை. வாக்கியம் எழுதுவார்.

"பன்னிரண்டு. ஆறு இன்று இணக்கமாக உள்ளது. ஆயினும் மூன்றாம் வளைவில் விழுந்த மரத்தைப் பற்றி அது யாருக்கும் தெரிவிக்கவில்லை என்பதைக் கவனத்தில் கொள்க."

"பதினைந்து. நிறம் மாறியுள்ளது. மேலே எங்கோ கரை உண்ணப்படுகிறது. எவரையும் சந்திக்க ஆற்றுக்கு இன்று விருப்பமில்லை."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? பசித்தவன் முன்னால் இலை போட்டால் சாப்பிடாமல் எழுந்து போவானா?

14

அந்த வாரம் என் கடைசிப் பக்கப் பத்தியின் தலைப்பு: "ஆற்றின் அந்தரங்கச் செயலாளர்." அதிலிருந்து நாலு வரி தருகிறேன், முழுதும் தந்தால் பெருமை பீற்றிக்கொள்வதுபோல் இருக்கும்:

"எங்கள் ஊர் ஆறு நேரில் யாரோடும் பேசுவதில்லை. எல்லாம் செயலாளர் மூலம்தான். ஆற்றுக்குத் தலைவலி, ஆற்றுக்கு மனக்கசப்பு, ஆறு இன்று விடுப்பு. செயலாளருக்கு டைப்ரைட்டர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆறும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது."

ஊரே சிரித்தது. பாலத்து முனை டீக்கடையில் பத்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். "என்ன செயலாளர் சார், ஆறு இன்னிக்கு பேட்டி குடுக்குமா?" என்று கேட்காமல் அவருக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. அவரும் சிரித்தார். நெட்டையான ஆள் சிரிக்கும்போது தோள் குலுங்கவேண்டும். அவருக்கு வாய் மட்டும் சிரித்தது.

அடுத்த நாள் பலகையில்: 12.

அதற்கடுத்த நாள்: 12.

அதன்பின் மூன்று மாதம் வெறும் எண்தான். ஒரு மனிதரை அலங்கார நடையிலிருந்து மீட்டுவிட்டேன் என்று எங்கள் ஆசிரியர் எனக்குப் போன் செய்து பாராட்டினார். நானும் மொழிக்கு ஏதோ செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்று சொன்னால் நீங்கள் தையலைப் பார்ப்பீர்கள். பாருங்கள்.

11

13, 12 எங்கே என்று தேடவேண்டாம். தண்ணீரும் அங்கே நிற்கவில்லை.

சனிக்கிழமை மாலை பதினாறு. இரவெல்லாம் மழை. ஞாயிறு காலை அக்கா வீட்டு வாசலில் கார் மேல் படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா குடையோடு வந்தாள்.

"டேய், இந்த மழைல அவள எங்கடா கூட்டிட்டு போற?"

"நான் வெறும் டிரைவர்க்கா. எங்க போகணும்னு அவதான் சொல்றா."

"நல்லா இருக்குடா. ரெண்டு பேருக்கும் ஒரே கடைலதான் புத்தி வாங்கியிருக்கேன் போல."

அக்கா மகளுக்குக் கிளப்பில் தக்கை என்று பெயர். எத்தனை முறை கவிழ்ந்தாலும் படகோடு சுழன்று மேலே வந்துவிடுவாள். வயது இருபத்தாறு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து பன்னிரண்டு பேர் கிளப்போடு ஆற்றில் இறங்க இருந்தார்கள். அதற்குள் பள்ளத்தாக்கில் புதிதாக மரம் எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவரவேண்டும். இரண்டு பேர் போகவேண்டும் என்பது விதி. இன்னொருவனுக்குக் காய்ச்சல். "அவனுக்கு மழையப் பாத்தாலே காய்ச்சல் வரும் மாமா," என்றாள்.

பாலத்தில் தூறல். மேலே மலை இருந்த இடத்தில் மலை இல்லை, கறுப்பாக ஏதோ இருந்தது. அளவுக்காரர் பலகை முன்னால் நின்றிருந்தார். பலகையில் 11.

"பதினொன்னா? நேத்து சாயந்தரம் பதினாறு இல்ல?" என்றாள் தக்கை.

"பதினொன்னுதாம்மா. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"ராத்திரி பூரா பெஞ்சுதே சார்?"

"பெஞ்சுது."

"அப்ப போலாம்ல?"

அவர் தூணை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "எட்டுலேருந்து பதினாலு வரைக்கும் போலாம்மா," என்றார். விதிப்புத்தகம் பேசுவதுபோல் இருந்தது.

அவர் கையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது. திரும்பிப் பலகையில், 11-க்குப் பக்கத்தில், அதை வைத்தார். மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். விரல் நீளம் இருக்கும். ஏதோ எழுத்தின் தொடக்கம். மூன்று மாதம் கழித்து ஒரு எழுத்து. கையில் டீயோடு நின்றிருந்த நான் சொன்னேன்:

"என்ன சார், செயலாளர் ஏதோ அறிக்கை விடப் போறாப்ல இருக்கே?"

[இந்த வரியை நீக்கவும்.]

[ஏழு வரைவிலும் நீக்கினேன். நீக்கிவிட்டுப் பார்த்தால் அவர் பலகை முன்னாலேயே நிற்கிறார். எத்தனை பக்கம் எழுதினாலும் அங்கேயே, சாக்பீஸோடு, என்னைப் பார்த்துக்கொண்டு. வரியைத் திரும்பப் போட்டால்தான் நகர்கிறார்.]

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தக்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். டீ நன்றாக இருந்தது.

9

ஒன்பது மணிக்கு அவள் இறங்கினாள். சிவப்பு ஹெல்மெட், மஞ்சள் படகு. துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். பத்து அடி போனதும் தண்ணீர் அவளைத் தன் வேகத்துக்கு எடுத்துக்கொண்டது. பாலத்திலிருந்து பார்த்தபோது தண்ணீர் பழுப்பாக இருந்தது; ஆனால் சத்தம் குறைவாக இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். சகுனத்தைக் கிண்டல் செய்து மட்டும் ஒன்பது பத்தி எழுதியிருக்கிறேன்.

* அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் இடமில்லாததால் இங்கே: பள்ளத்தாக்கில் ஒரு படகுக்காரருக்கு நேரக்கூடியவற்றை அளவுக்காரர் கிளப் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஒன்று, வடிகட்டி: ஆற்றில் விழுந்த மரம். கிளைகளுக்கிடையே தண்ணீர் போய்விடும், ஆள் போகமாட்டார். டீயும் தூளும்போல. இரண்டு, மிக்சி: உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தன் மேலேயே திரும்பிப் புரளும் இடம். உள்ளே போனது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அதில் ஒன்பது நாள் சுற்றியது. ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக நொறுக்குத்தீனியோடு போய்ப் பார்த்தார்கள். பத்தாம் நாள் நாற்காலியைக் காணவில்லை. கீழ்ப்பாலத்துக்கும் அது வரவில்லை. மூன்று, குடைந்த பாறை: மேலே அமைதியாக இருக்கும், தண்ணீர் பாறைக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கும். பட்டியலில் நான்காவது ஒன்றும் இருந்தது. பத்தி வந்த வாரம் அவரே அதைக் கிழித்துவிட்டார். கிழிந்த காகிதத்தில் "மழையின்போது ஆறு" என்பதுவரை இருக்கிறது. நான் அதைப் பின்னால்தான் பார்த்தேன்.

கீழ்ப்பாலத்துக்குக் காரில் சுற்றுவழியாகப் போக ஒரு மணி நேரம். அவள் வந்து சேர இரண்டரை மணி நேரம். பதினொன்றரைக்கு அவள் வரவேண்டும்.

5

இங்கே ஒரு சந்தேகம். வாசகர் கேட்கமாட்டார், நானே கேட்டுக்கொள்கிறேன்: இந்த அக்கா மகள் நம்பும்படியாக இருக்கிறாளா? விவரமான பெண், மழை பெய்த ராத்திரிக்குப் பிறகு ஓர் எண்ணை நம்பி இறங்குவாளா? இதற்கு என் பதில், எண்ணை நம்பத்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்தை நம்பச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை. நான் தொழில்முறையில் அதற்கு எதிராகவே வேலை செய்தவன்.

கீழ்ப்பாலம் பழையது, ஆளில்லாதது, போனுக்குச் சிக்னல் வராதது. இங்கேயும் தூணில் அதே பெயின்டர் அடித்த அதே கோடுகள். பத்து மணிக்குத் தண்ணீர் ஐந்தில் இருந்தது. எட்டுக்குக் கீழே. அப்படியானால் படகு பாறையில் தட்டும், அவள் இறங்கி இழுத்துக்கொண்டு நடப்பாள், தாமதமாகும். கணக்கு சரியாக வந்தது. காரில் உட்கார்ந்து அடுத்த வாரப் பத்திக்கு ஒரு வேட்பாளரைப் பற்றி நாலு வரி எழுதினேன். காரின் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னவென்று புரிந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

2

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இதுவரை யாரும் பார்த்திராத பாறைகள் வெளியே வந்திருந்தன. அவற்றின் மேல் பாசி சீப்பு வாரியதுபோல் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. பள்ளங்களில் மீன்கள் வாயைத் திறந்து மூடின. ஒரு சைக்கிள். ஒரு கதவு, தாழ்ப்பாள் போட்டபடி. தூணில் தண்ணீர் இரண்டிலிருந்து ஒன்றுக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ கீழே அடைப்பானைப் பிடுங்கியதுபோல் இறங்கியது. சைபர். அதற்கும் கீழே இன்னும் நாலு கோடுகள் இருந்தன. எண் போடாத கோடுகள். வெயில் படாததால் பெயின்ட் புத்தம்புதிதாக இருந்தது. சைபருக்குக் கீழே தண்ணீர் போகும் என்று அந்தப் பெயின்டருக்கு யார் சொன்னது?

பதினொன்றேகாலுக்கு அளவுக்காரர் மொபெட்டில் வந்தார். முழங்கால்வரை சேறு.

"வழில மண்ணு சரிஞ்சிருக்கு சார். வண்டிய தூக்கிட்டுதான் வந்தேன். பாப்பா வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல. தண்ணி கம்மியா இருக்குல்ல, இழுத்துட்டு நடந்து வராளோ என்னவோ."

அவர் தூணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், மழ பெஞ்சா ஆறு ஏறணும். இது இறங்குது."

"அதான் நல்லதாச்சே?"

"மேல எங்கயோ மல சரிஞ்சு ஆத்த அடைச்சிருக்கு சார். ராத்திரியே அடைச்சிருக்கணும். பெய்யற தண்ணி பூரா அதுக்குப் பின்னாடி நிக்குது. மண்ணு எவ்ளோ நேரம் தாங்கும்? அது அணை இல்ல சார், குப்ப."



"காலைலயே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம் வந்துச்சு. காத வெச்சுக் கேட்டேன். அடில கல்லு உருளவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் சார் எழுதல?"

"என்னன்னு எழுதறது? ஆறு மூச்ச அடக்கிட்டு நிக்குது, போகாதீங்கன்னா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அடுத்த வாரம் அதுக்கும் ஒரு பத்தி போட்டிருப்பீங்க. டீக்கடைல ஒட்டியிருப்பாங்க. எண்ணு சரியாத்தான சார் எழுதினேன்? பதினொன்னு. அது பதினொன்னுதான்."

நான் மறுபடி தூணைப் பார்த்தேன்.  

"ஃபயர் சர்வீஸுக்கு சொல்லிட்டேன். மண்ண எடுத்துட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும்னுட்டாங்க," என்றவர் மொபெட்டைச் சுவரோரம் நிறுத்திப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "நான் போய்ப் பாக்கறேன்."

"எங்க?"

"ஆத்துலதான். கரைல பாத இல்ல, ஆனா ஆத்துல இப்ப தண்ணியும் இல்லையே. நடந்தே போயிடலாம். நடுவுல ரெண்டு மூணு எடத்துல பாறைல ஏறி நிக்கற மாதிரி திட்டு இருக்கு. எனக்குத் தெரியும். பாப்பாவ அதுல ஏத்தி உக்கார வெச்சுட்டா போதும்."

சைபருக்குக் கீழே

அவர் சரிவில் இறங்கினார். இங்கே நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதற்கு நாலு வரைவுகள் உண்டு. ஒன்றில் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். ஒன்றில் நானும் போகிறேன் [என் முழங்காலைப் பற்றி அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்]. ஒன்றில் மன்னிப்புக் கேட்கிறேன், நீளமாக, நல்ல வாக்கிய அமைப்போடு. உண்மையில் சொன்னது இது:

"பாத்து போங்க சார்."

நம் மொழியில் இதைவிட உதவாத இரண்டு வார்த்தை கிடையாது. படியில் இறங்குகிறவரிடமும் சொல்கிறோம், போருக்குப் போகிறவரிடமும் சொல்கிறோம். சொன்னதும் நம் கடமை முடிந்துவிடுகிறது. பார்க்கவேண்டிய பொறுப்பு போகிறவருக்கு மாறிவிடுகிறது. உலகத்திலேயே ஆற்றை நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் நான் இதைச் சொன்னேன். அவர் திரும்பி, "சரிங்க சார்," என்றார். மரியாதையான மனிதர்.

ஆற்றின் நடுவில் அவர் நடந்து போனார். பாறைக்குப் பாறை காலை அகட்டி வைத்து, கண்ணாடியில் விழும் துளியை அடிக்கடி துடைத்துக்கொண்டு. எங்கே கால் வைத்தாலும் அந்த இடத்துக்கு முதன்முதலாக வருகிற மனிதர் அவர்தான். ஒருமுறை நின்றார். குனிந்து ஒரு பாறையில் காதை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு முன்பைவிட வேகமாக நடந்தார், மேலே, அவளைத் தேடி. வளைவு திரும்பியதும் மறைந்துவிட்டார்.

பதினொன்றரை ஆனது. அவள் வரவில்லை. பன்னிரண்டு ஆனது. "தக்கை" என்று இரண்டு முறை கத்தினேன். பாறைச் சுவர் அதை எடுத்துக்கொண்டு போய், கொஞ்சம் கழித்து, என் குரலைப்போலவே இல்லாத ஒரு குரலில் கொண்டுவந்து கொடுத்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தண்ணீர் வந்தது. இதை வருணிக்க

பிரளயம் என்றும் சொல்லலாம், ஆனால்

முதலில் காற்று வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஈரக் காற்று, பச்சை மரத்தைப் பிளந்த வாசனையோடு. மரங்களில் ஒதுங்கியிருந்த பறவைகள் மழையிலேயே கிளம்பின. என் காலுக்குக் கீழே பாலத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம். ஒரு நாற்காலி இல்லை, ஒரு கல்யாண மண்டபத்து நாற்காலி அத்தனையும். நான் சரிவில் ஓடி ஏறினேன். முழங்கால் ஒத்துழைத்தது. என் உயிர் என்றால் அது ஒத்துழைக்கிறது. திரும்பிப் பார்த்தபோது வளைவில் வந்துகொண்டிருந்தது தண்ணீராகத் தெரியவில்லை. ஒரு காடு நிமிர்ந்து நடந்து வருவதுபோல் இருந்தது. மண் நிறம், அதில் மரங்கள், வேர் மேலே தலை கீழே. மொபெட், பாலம், தூண் எல்லாம் ஒரே சமயத்தில் போயின. சத்தம் போனபின்தான் சத்தம் இருந்ததே தெரிந்தது.

எண் இல்லை

தூண் போய்விட்டதால் இந்தப் பகுதிக்கு எண் இல்லை.

கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. எதையும் நான் முடிக்கவில்லை.

அ) அவர் தனக்குத் தெரிந்த திட்டில் ஏறிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். கண்ணாடி உடைந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. மறுநாள் பலகையில் ஆறு வரிக்கு ஒரு வாக்கியம் எழுதுகிறார். ஊர் நின்று படிக்கிறது. நானும் [இந்த முடிவில் நான் நல்லவனாக இருக்கிறேன். அதனாலேயே இதன்மேல் சந்தேகம்.]

ஆ) வளைவுக்கு அப்பால் அவரும் தக்கையும் சந்திக்கிறார்கள். "ஏறும்மா," என்கிறார். திட்டில் ஒருவருக்குத்தான் இடம். [சினிமா. ஆனால் ஆசிரியருக்குப் பிடிக்கும்.]

இ) மாலை ஐந்து மணிக்கு ஃபயர் சர்வீஸ்காரர்கள் மண்ணை எடுத்துவிட்டு வந்து, வலைபோட்டு, கீழே நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வடிகட்டியில்

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். எழுதினால் வாக்கியம் அமைந்துவிடும். அமைந்தால் நான் அதைத் திரும்பப் படித்து, ஒரு வார்த்தையை மாற்றி, திருப்திப்படுவேன். அந்த மனிதரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட வாக்கியங்கள் போதும்.

ஆனால் நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இத்தனை பக்கமும் அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். அன்று பள்ளத்தாக்கில் அவர் தேடிப்போன ஆள் இல்லை. முதல் வளைவுக்குப் போனதுமே தக்கை பாறைகளைப் பார்த்திருக்கிறாள். சற்றுமுன்வரை தண்ணீர் நனைத்திருந்த தடம் அவள் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. படகை ஒரு மரத்தில் கட்டிப்போட்டுவிட்டுச் சாலைக்கு ஏறியிருக்கிறாள். எனக்கு ஆறு தடவை போன் செய்திருக்கிறாள்; அதற்குள் அளவுக்காரரும் மொபெட்டில் கிளம்பியிருந்தார். கீழ்ப்பாலத்துக்கு பஸ் கிடையாது என்பதால் பத்தேகால் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அளவுக்காரர் மொபெட்டைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.